கடைமடைக்கு மேலே ஓடும் இன்னொரு ஆறு

ஆறு ரெண்டு பக்கமும் ஓடும்னு சொன்னா வெளியூர்க்காரங்க சிரிப்பாங்க. முத்துப்பேட்டைக்காரங்க சிரிக்க மாட்டாங்க. பாமணியாறும் கோரையாறும் கடலுக்குப் போற வழியில இருக்குற கடைசி ஊர் எங்களுது. அலையாத்திக் காட்டுக்குப் படகுல போனீங்கன்னா தெரியும்: காலையில கடலைப் பார்த்து ஓடின தண்ணி, ஓதம் ஏறினதும் ஊரைப் பார்த்துத் திரும்பி வரும். அமாவாசை, பௌர்ணமி நாள்ல அது இன்னும் ஜாஸ்தி.

இதே மாதிரி இன்னொரு ஆறு எங்க தலைக்கு மேலே ஓடுது. சுமார் 105 கிலோமீட்டர் உயரத்துல. தண்ணி இல்லை, மின்சாரம். பகல் முழுக்க மேற்கிலிருந்து கிழக்கே ஓடும். ராத்திரி அடங்கிடும். பூமியோட காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் கடைசி முனையில, திருநெல்வேலி, திருவனந்தபுரம் பக்கமா போகுது இல்லையா, அந்தக் கோட்டுக்கு ரெண்டு பக்கமும் முந்நூறு கிலோமீட்டர் அகலத்துக்கு இந்த ஆறு உண்டு. கணக்குப் பார்த்தா முத்துப்பேட்டை அதன் வடகரையில குந்தியிருக்கு. 1922ல் பெரு நாட்டுல வாங்காயோங்கிற மலை ஊர்ல காந்த ஆய்வகம் வச்சப்பதான், 'இங்க மட்டும் பகல்ல காந்த ஊசி ஏன் இவ்வளவு ஆடுது'ன்னு முதல்ல சந்தேகம் வந்துச்சு. அப்புறம் 1951ல் சிட்னி சாப்மன் இதுக்கு 'எலக்ட்ரோஜெட்'னு பேர் வச்சார். நான் மின்னாறுன்னே சொல்லிக்கிறேன், கோவிச்சுக்காதீங்க.

சுவாரசியமான சேதி இனிமேதான். இந்த மின்னாறும் சில நாள் திரும்பி ஓடும். பெரும்பாலும் பிற்பகல்ல, சில நாள் காலையிலேயே. அதுவும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அதிகமா! காத்துமண்டலத்துலயும் ஓதம் உண்டு, சூரியனும் சந்திரனும் சேர்ந்து இழுக்குற இழுப்பு அங்கேயும் எட்டுதுன்னு விஞ்ஞானிங்க சொல்றாங்க. கோரையாத்துல தோணி தள்ளுற ஆளுக்கு இதை ரெண்டு நிமிஷத்துல புரிய வச்சுடலாம். பட்டணத்துல படிச்சவனுக்குத்தான் படம் போட்டுக் காட்டணும்.

தும்பாவை ராக்கெட் விடத் தேர்ந்தெடுத்ததே இந்த மின்னாறு அங்க நேர் மேலே ஓடுறதாலதான். 1963 நவம்பர் 21 அன்னிக்கு அமெரிக்காவிலிருந்து வந்த நைக்கி-அப்பாச்சி ராக்கெட் சாயங்காலம் மேலே போய் சோடியம் ஆவியைக் கக்கிச்சு. அந்தி வானத்துல ஆரஞ்சு நிறத்துல ஒரு மேகம். மேலே காத்து எப்படி அடிக்குதுன்னு பார்க்கத்தான் அந்த ஏற்பாடு. இந்தியாவோட விண்வெளிக் கதையே நம்ம தலைக்கு மேலே இருக்குற அந்தரத்தைப் பார்க்கணும்கிற ஆசையில ஆரம்பிச்சதுங்கிறதை நிறைய பேர் மறந்துட்டாங்க. சந்திரன், செவ்வாயெல்லாம் பிற்பாடு வந்தது.

சரி, எதுக்கு இவ்வளவு பீடிகைன்னு கேக்குறீங்களா? என் அக்கா மகள் எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி வருஷம் படிக்கிறா. அடுத்து என்னன்னு வீட்டுல பேச்சு. அக்காவுக்கு பி.எட். முடிச்சுட்டு பக்கத்துல ஏதாவது பள்ளிக்கூடத்துல சேர்ந்துட்டா நிம்மதி. பொண்ணு சொல்றா, "மாமா, நான் விண்வெளி வானிலை படிக்கப் போறேன்." அத்தான் என்னைத் தனியாக் கூப்பிட்டு, "மாப்ள, வானத்துல மழை பெய்யுமாங்கிறதே இவனுங்களுக்குச் சொல்லத் தெரியல. அதுக்கும் மேலே என்ன வானிலை? அதுக்குச் சம்பளம் யாரு குடுக்குறா?"ன்னு கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்குச் சொன்னதையும், சொல்லும்போது விட்டுப்போனதையும் சேர்த்து இங்க எழுதுறேன். இதே கேள்வியோட வேற வீடுகளும் இருக்கும்ல.

முதல்ல அது என்ன வானிலை? சூரியன்லேர்ந்து நமக்கு மூணு விதமான விருந்தாளி வர்றாங்க. ஒண்ணு ஒளி, அதோட எக்ஸ் கதிர். சூரியன்ல ஒரு வெடிப்பு நடந்தா எட்டு நிமிஷத்துல இங்க. வந்து சேர்றதுக்கு முன்னால எச்சரிக்க வழியே இல்லை, ஏன்னா எச்சரிக்கையும் ஒளி வேகத்துலதானே வரணும். பகல் பக்கம் இருக்குற நாடுகள்ல ஷார்ட்வேவ் ரேடியோ செத்துப்போகும். ரெண்டாவது, வேகமாப் பாயுற புரோட்டான்கள். பத்து இருபது நிமிஷத்துலேர்ந்து சில மணி நேரத்துக்குள்ள வந்துடும். விண்வெளியில இருக்குற ஆளுக்கும் எலக்ட்ரானிக்ஸ் சாமானுக்கும் ஆகாது. மூணாவதுதான் பெரிய ஆள். சூரியன் தன் காந்தப்புலத்தோட சேர்த்து கோடிக்கணக்கான டன் பொருளைத் தூக்கி வீசும். இது வர ஒரு நாளும் ஆகும், மூணு நாளும் ஆகும்.

அத்தானுக்கு இதை இப்படித்தான் சொன்னேன்: மேட்டூர்ல ஜூன் 12 தண்ணி திறந்தா கல்லணைக்கு வர மூணு நாள் ஆகுதா? அதே மாதிரி. சூரியன்ல மதகு திறந்ததை கேமராவுல பார்த்துடலாம். ஆனா எவ்வளவு வருது, எப்ப வருதுங்கிறது கல்லணையில அளந்தாத்தான் தெரியும். அந்தக் கல்லணை மாதிரி ஒரு இடம் பூமிக்கும் சூரியனுக்கும் நடுவுல, நம்மகிட்டேர்ந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கு. எல்-1 னு பேர். அங்கதான் நம்ம ஆதித்யா எல்-1 நிக்குது. 2023 செப்டம்பர் 2ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவுலேர்ந்து கிளம்பி, 2024 ஜனவரி 6ஆம் தேதி போய்ச் சேர்ந்துச்சு. (நிக்குதுன்னா சும்மா நிக்கலை. அந்தப் புள்ளியைச் சுத்தி வந்துக்கிட்டே இருக்கு.) அமெரிக்காக்காரங்களோட ஏஸ், டிஸ்கவர் எல்லாமும் அந்த வட்டாரத்துக்குப் போனதுதான்.

இதுல ஒரு வம்பு இருக்கு. வர்ற மேகத்தோட காந்தப்புலம் எந்தத் திசையைப் பார்த்து இருக்குங்கிறதுதான் எல்லாத்தையும் தீர்மானிக்குது. வடக்கு பார்த்து வந்தா பூமியோட காந்தக் கவசம் பெரும்பாலும் தாங்கிக்கும். தெற்கு பார்த்து வந்துச்சுன்னா சட்ரஸ் பூராவும் தூக்கி விட்டாப்ல, கதவு திறந்துக்கும். இந்தத் திசையை சூரியன்ல இருக்கும்போதே நம்பிக்கையாச் சொல்ல இன்னும் யாருக்கும் முடியலை. எல்-1ல அளக்குறப்பதான் தெரியும். அங்கேர்ந்து பூமிக்கு வர மேகத்தோட வேகத்தைப் பொறுத்து பதினஞ்சு நிமிஷத்துலேர்ந்து ஒரு மணி நேரம். ஆக, மூணு நாளாக் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு உக்காந்திருக்குற முன்னறிவிப்பாளருக்கு, உறுதியாச் சொல்லக் கிடைக்குற நேரம் ஒரு சாப்பாட்டு நேரம்தான். இந்த வேலையோட கஷ்டம் முழுக்க இங்கதான் இருக்கு. யாராவது 'ஜாலியா டெலஸ்கோப்புல பார்த்துக்கிட்டு இருக்கலாம்'னு சொன்னா நம்பாதீங்க.

நடந்த கதைகள் சிலதைச் சொல்றேன். 1859 செப்டம்பர்ல வந்த புயல்தான் இன்னிக்கு வரைக்கும் எல்லாரும் அளவுகோலா வச்சுக்கிறது. மேகம் பதினேழரை மணி நேரத்துல வந்துடுச்சு. அந்தப் புயலை நம்ம நாட்டுல அளந்து வச்சிருக்காங்கங்கிறது தெரியுமா? பம்பாய் கொலாபா ஆய்வகத்துல. காந்தப்புலம் சுமார் 1600 நானோ டெஸ்லா சரிஞ்சதா அங்க பதிவு இருக்கு. உலகத்துல இந்தப் புயலைப் பத்தி எழுதுறவங்க பாதிப்பேர் இந்த எண்ணைத் தொடாம எழுத முடியாது. பிற்பாடு பம்பாய்ல டிராம் வண்டியை மின்சாரத்துல ஓட்டப் போறாங்கன்னதும் ஊசி ஆடிடுமேன்னு 1904ல் ஆய்வகத்தை அலிபாகுக்குக் கொண்டுபோனார் நானாபாய் மூஸ். புது ஆய்வகத்தைக் கட்டுனப்போ இரும்பே கூடாதுன்னு பார்த்துப் பார்த்துக் கட்டியிருக்காங்க. ரெண்டு வருஷம் ரெண்டு இடத்துலயும் ஒரே நேரத்துல அளந்து ஒப்புப் பார்த்துட்டுத்தான் பழசை நிறுத்தினாங்க. ரெக்கார்டு அறுபடக் கூடாதுங்கிற அந்தப் பதைப்பு இருக்கே, அதை நினைச்சா எனக்கு ஒரு மாதிரி ஆயிடும்.

1989 மார்ச் 13. கனடாவுல கியூபெக் மாகாணம் மொத்தமும் ஒன்றரை நிமிஷத்துல இருண்டுபோச்சு. அறுபது லட்சம் பேர், ஒன்பது மணி நேரம். (நம்ம ஊர்ல கரண்டு போறதுக்கு சூரியனைக் குத்தம் சொல்லாதீங்க. துருவத்தை ஒட்டின நாடுகளுக்குத்தான் அந்தப் பயம் பெருசு. நமக்கு வேற காரணங்கள் இருக்கு :-)) 2022 பிப்ரவரி 3ல் ஸ்டார்லிங்க் 49 செயற்கைக்கோள் விட்டாங்க. சின்னப் புயல்தான், ஆனா மேல் காத்துமண்டலம் சூடேறி உப்பிடுச்சு. இழுவை தாங்காம 38 விழுந்து எரிஞ்சு போச்சு. 2024 மே 10, 11 தேதிகள்ல, 2003க்கு அப்புறம் முதல்முறையா அஞ்சாம் நிலைப் புயல். லடாக்ல ஹான்லேயில ராத்திரி வானம் சிவந்ததை இந்திய வானியற்பியல் நிறுவனத்தோட கேமரா படம் பிடிச்சுச்சு. அமெரிக்காவுல அது மக்காச்சோள விதைப்புக் காலம். ஜிபிஎஸ் வச்சு தானா நூல் பிடிச்சாப்ல ஓடுற டிராக்டருங்க தடுமாற, விவசாயிங்க விதைப்பை நிறுத்திட்டு வீட்டுக்குப் போனாங்க. அத்தான் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிச்சார். நம்ம பக்கம் பெல்ட் மெஷின் ஓட்டுற தம்பிக்கு வரப்பு தெரிஞ்சாப் போதும், சூரியன் என்ன பண்ணினா என்ன!

2025 நவம்பர்ல ஏர்பஸ் கம்பெனி ஏ-320 வகை விமானங்கள் சுமார் ஆறாயிரத்துக்கு மென்பொருளை மாத்தச் சொன்னது ஞாபகம் இருக்கும். கடுமையான சூரியக் கதிர்வீச்சுல கட்டுப்பாட்டுக் கணினியோட தகவல் கெடலாம்னு காரணம் சொன்னாங்க. வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் பாதி ஊர் போய்வர்ற முத்துப்பேட்டையில இதை 'நமக்கென்ன'ன்னு விட முடியுமா?

இப்ப வேலை விஷயத்துக்கு வர்றேன். நம்ம தமிழ்நாட்டுல இந்த வேலையை நூத்தி இருபது வருஷத்துக்கும் மேலாப் பார்த்துக்கிட்டு இருக்காங்க. கொடைக்கானல்ல. அது ஏன் ஆரம்பிச்சதுங்கிற கதைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியில சென்னை மாகாணத்துல பஞ்சம் மேல பஞ்சம். மழை ஏன் பொய்க்குது, சூரியன்ல ஏதாவது மாத்தம் இருக்குமோன்னு அரசாங்கத்துக்கு யோசனை வந்துச்சு. 1893ல் லண்டன்ல கெல்வின் பிரபு தலைமையில ஒரு குழு கூடி, தென்னிந்திய மலை ஒண்ணுல சூரிய ஆய்வகம் வைக்கலாம்னு முடிவு பண்ணிச்சு. மிச்சி ஸ்மித் கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார். ஆக, சோத்துக்காகத்தான் சூரியனைப் பார்க்க ஆரம்பிச்சாங்க. மழைக்கு அவங்க எதிர்பார்த்த பதில் கிடைக்கலை. வேற என்னென்னமோ கிடைச்சுச்சு. 1909ல் எவர்ஷெட் அங்கதான் சூரியப் புள்ளியிலேர்ந்து வாயு வெளிப்பக்கமா வழியிறதைக் கண்டுபிடிச்சார். இன்னிக்கும் உலகம் பூரா 'எவர்ஷெட் விளைவு'ன்னுதான் சொல்றாங்க.

அங்க 1850ல் பாரிசுல செஞ்ச ஆறு அங்குலத் தொலைநோக்கியில, மேகம் இல்லாத நாளெல்லாம் காலையில சூரியனைப் படம் எடுக்குற வழக்கம் 1904 வாக்குல ஆரம்பிச்சுச்சு. அந்தக் கண்ணாடித் தகடுகள் எல்லாத்தையும் இப்ப டிஜிட்டலா மாத்தி வச்சிருக்காங்க. நூறு வருஷத்துக்கும் மேல சூரியனோட தினசரி முகம். அடுத்த பதினொரு வருஷ சுழற்சி எப்படி இருக்கும்னு கணிக்கிறவங்களுக்கு இதைவிடப் பெரிய சொத்து கிடையாது. அந்தப் படத்தை எடுக்குற வேலையை ஒரே குடும்பத்துல பாட்டன், மகன், பேரன்னு மூணு தலைமுறையாச் செஞ்சிருக்காங்கன்னு பத்திரிகையில வந்துச்சு. எங்க பக்கம் நீர்க்கட்டி வேலை அப்படித்தான் பரம்பரையா வந்தது. வாய்க்கால்ல தண்ணி எவ்வளவு வருதுன்னு தினமும் காலையில போய்ப் பார்த்துட்டு வர்ற வேலை. நோபல் பரிசெல்லாம் இதுக்குக் கிடைக்காது. ஆனா ஒரு நாள் போகாம விட்டா அந்த நாள் போனதுதான்.

கொடைக்கானல் தவிர, திருநெல்வேலிக்குப் பக்கத்துல கிருஷ்ணாபுரத்துல இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தோட ஆய்வுக்கூடம் இருக்கு. அந்த மின்னாத்தை நேர் கீழேர்ந்து பார்க்குற இடம். ராடார், காந்தமானி எல்லாம் உண்டு. அந்த நிறுவனத்தோட தலைமையகம் நவி மும்பை பன்வேல்ல. திருவனந்தபுரத்துல இஸ்ரோவோட விண்வெளி இயற்பியல் ஆய்வகம், ஆதித்யாவுல பறக்குற 'பாப்பா'ங்கிற கருவி அவங்க செஞ்சது. (நிஜமாவே அதான் பேர். எங்க வீட்டுப் பாப்பாவுக்கு அதுல ஒரு பெருமை.) அகமதாபாத் இயற்பியல் ஆய்வகம், பெங்களூர் வானியற்பியல் நிறுவனம், நைனிடால், காதங்கி, கொல்கத்தா ஐசர்னு இன்னும் இருக்கு. கொல்கத்தாக் குழு 2018லேயே, 25ஆம் சுழற்சி முந்தினதை விடக் குறையாது, 2024 வாக்குல உச்சம் வரும்னு எழுதினாங்க. அப்ப நிறைய பேர் சூரியன் அடங்கப் போகுதுன்னு பேசிக்கிட்டு இருந்தாங்க. 2024 அக்டோபர்ல நாசா, உச்சகட்டம் வந்தாச்சுன்னு அறிவிச்சுது. இந்த மாதிரி ஒரு கணிப்பு பலிச்சா எத்தனை நாள் தூக்கம் வராதுன்னு யோசிச்சுப் பாருங்க!

வழி என்னன்னா, எம்.எஸ்சி. முடிச்சதும் நெட்-ஜேஆர்எஃப், கேட், ஜெஸ்ட்னு பரீட்சைகள். தேறினா மேல சொன்ன இடங்கள்ல பிஎச்.டி. உதவித்தொகை வரும், அஞ்சாறு வருஷம் ஓடும். அதுக்கப்புறம் வெளிநாட்டுல ரெண்டு மூணு வருஷம். அப்புறம்தான் நிரந்தர வேலைங்கிற பேச்சு. பொறியியல் படிச்சவங்க இஸ்ரோ தேர்வு வழியாக் கருவி செய்யுற பக்கம் போகலாம். பன்னிரண்டாவது படிக்கிற புள்ளைங்க வீட்டுல இருந்தா திருவனந்தபுரத்துல ஐஐஎஸ்டின்னு ஒரு கல்லூரி இருக்குங்கிறதைக் காதுல போட்டு வைங்க. எந்தப் பக்கம் போனாலும் நிரல் எழுதத் தெரியணும். பைத்தான் தெரியாம இந்த வாசப்படியை மிதிக்க முடியாது. பாதி நாள் வேலை வானத்தைப் பார்க்குறது இல்லை, கோட்டுப்படத்தைப் பார்க்குறது.

இன்னொண்ணையும் ஒளிக்காமச் சொல்லணும். அமெரிக்காவுல கொலராடோ மாநிலம் போல்டர்ல ஒரு மையம் இருக்கு. இருபத்துநாலு மணி நேரமும் ஷிப்ட் போட்டு ஆள் உக்காந்து, ரேடியோ தடங்கல், கதிர்வீச்சு, காந்தப்புயல்னு மூணுக்கும் ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் எண் போட்டு எச்சரிக்கை விடுறாங்க. இங்கிலாந்துல மழை சொல்ற அதே அலுவலகத்துல 2014லேர்ந்து இதுக்கும் ஆள் இருக்கு. தென்னாப்பிரிக்கா ஹெர்மானஸ்ல 2022ல் திறந்தாங்க. 2019 நவம்பர்லேர்ந்து விமானங்களுக்கு உலக அளவுல விண்வெளி வானிலை அறிவிப்பு குடுக்க ஆரம்பிச்சாங்க. அந்தப் பொறுப்பை ஏத்துக்கிட்ட கூட்டணிகள்ல அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா, கனடா, ஜப்பான், அப்புறம் சீனாவும் ரஷ்யாவும் இருந்தாங்க. நாம இல்லை. காந்த நடுக்கோடு வீட்டு வாசல்ல போகுது, கொலாபா ரெக்கார்டு நம்மகிட்ட, கொடைக்கானல் தகடு நம்மகிட்ட, ஆதித்யா நம்மளது. ஆனா 'விண்வெளி வானிலை முன்னறிவிப்பாளர்'னு பேர் போட்ட நாற்காலிகள் இங்க பெருசா இல்லை. ஆராய்ச்சியாளர் நாற்காலிதான் இருக்கு. எனக்கு இதுல வருத்தம் உண்டு. ஆராய்ச்சி பண்றவருக்குப் பேப்பர் வந்தாப் போதும், ராத்திரி ரெண்டு மணிக்கு யாருக்கோ போன் பண்ணி எச்சரிக்கணும்கிற கடமை இல்லை. அந்தக் கடமையைத் தோள்ல போட்டுக்கிற வேலை இங்கேயும் நிறைய வரணும்.

'ஏன் வரணும், நம்ம கடல்ல போற ஆளுக்கு இதனால என்ன'ன்னு அத்தான் கேட்டார். கேக்கத்தான் செய்வார். கஜா வந்தப்ப அவரோட தென்னந்தோப்புல நாலுல மூணு பங்கு மரம் சாஞ்சுது. 2018 நவம்பர் 16, விடியக்காலம். நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையேறுச்சு. அலையாத்திக் காடே கருகினாப்ல ஆயிடுச்சு. மரம் போச்சு, ஆனா முன்கூட்டியே சொன்னதால வீட்டுல இருந்த உயிரு அத்தனையும் பள்ளிக்கூடத்துல பத்திரமா இருந்துச்சு. ஒரு வருஷத்துக்கு முன்னால 2017ல் ஒக்கி வந்தப்ப கன்னியாகுமரிப் பக்கம் ஆழ்கடல்ல இருந்தவங்களுக்குச் சேதி போய்ச் சேரலை. என்ன ஆச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். அதுக்கப்புறம்தான் கரையிலேர்ந்து வெகுதூரம் போன படகுக்கும் செயற்கைக்கோள் வழியா எச்சரிக்கை அனுப்புற கருவிகள் வந்துச்சு. ககன் செயற்கைக்கோள் மூலமாச் சேதி வாங்குற 'ஜெமினி' கருவியை 2019ல் வெளியிட்டாங்க. இஸ்ரோ செஞ்ச டிரான்ஸ்பாண்டரும் விசைப்படகுகளுக்கு வந்துச்சு.

இப்ப பாருங்க. அந்தச் சேதி எந்த வழியா வருது? நம்ம தலைக்கு மேலே இருக்குற அயனி மண்டலத்தைத் தாண்டித்தான் வரணும். உலகத்துலயே அயனி மண்டலம் ரொம்ப அலைபாயுற இடம் எதுன்னா இந்தக் காந்த நடுக்கோட்டுப் பட்டைதான். அதுவும் பொழுது சாஞ்சதும் ரெண்டு மூணு மணி நேரம், மார்ச்-ஏப்ரல், செப்டம்பர்-அக்டோபர் மாசங்கள்ல, சூரியன் உச்சத்துல இருக்குற வருஷங்கள்ல. சட்டியில கஞ்சி கொதிக்கிறப்ப கீழேர்ந்து குமிழி கிளம்புமே, அதே மாதிரி அங்க குமிழி கிளம்பும். அதுக்குள்ள புகுந்து வர்ற சிக்னல் நட்சத்திரம் மாதிரி மினுக்கும். சில சமயம் அறுந்தே போகும். அந்தக் காலத்துல ஷார்ட்வேவ்ல தமிழோசை கேட்டவங்களுக்கு ஞாபகம் இருக்கும், குரல் கிணத்துக்குள்ள போய்ட்டுப் போய்ட்டு வருமே. அதுவும் இதே அயனி மண்டலத்தோட சேட்டைதான்.

ரெண்டு புயலும் ஒரே நாள்ல வந்த கதையும் உண்டு. 2017 செப்டம்பர் 6. கரீபியன் தீவுகளை இர்மா புயல் துவைச்சுக்கிட்டு இருக்கு. அன்னிக்கே சூரியன்ல எக்ஸ் 9.3 அளவுல ஒரு வெடிப்பு, அந்தச் சுழற்சியிலேயே பெரிசு. பகல் பக்கம் ஷார்ட்வேவ் அடங்கிப்போச்சு. கோபுரம் சாஞ்சு, போன் செத்து, ஹாம் ரேடியோ ஒண்ணைத்தான் நம்பி இருந்த நேரம் பாருங்க அது. கேக்குறவனுக்கு ரேடியோ பழுதா, புயல்ல ஏரியல் விழுந்துடுச்சா, சூரியனா, எதுன்னு தெரியாது. 'சூரியன்தான், ஒரு மணி நேரத்துல சரியாயிடும், அலைவரிசையை மாத்து'ன்னு சொல்ல ஒரு ஆள் வேணும். அத்தானுக்கு இது பிடிபட்டுச்சு. கொஞ்ச நேரம் பேசாம இருந்தார்.

ஒண்ணு மட்டும் அடிச்சுச் சொல்லிட்டேன். எல்லை தாண்டிப் படகு போயி இலங்கைக் கடற்படை பிடிக்கிறதுக்கெல்லாம் சூரியன் காரணமில்லை. அயனி மண்டலம் படுத்துற பாட்டுல சாதாரண ஜிபிஎஸ் சில மீட்டர், கெட்ட நாள்ல சில பத்து மீட்டர் தப்பும். மைல் கணக்குல தப்பாது. மீன் எங்க இருக்கோ வலை அங்க போகுது, அது வேற கதை, அதுக்கு வேற பதிவு எழுதணும்.

அக்காவோட கவலை வேற மாதிரி. "பொம்பளப் புள்ள, ராத்திரி டியூட்டி, ஊர் ஊரா அலையணும்" அப்படின்னு. ஆதித்யாவோட திட்ட இயக்குநர் நிகார் ஷாஜி செங்கோட்டைக்காரங்கன்னு சொன்னேன். விவசாயக் குடும்பம். ஊர்ப் பள்ளிக்கூடத்துல படிச்சு, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில சேர்ந்து, 1987ல் இஸ்ரோவுக்குப் போனவங்க. டிவியில அவங்க பேசினதைப் பொண்ணு போன்ல வச்சிருந்தா. அக்கா ரெண்டு தடவை பார்த்தா. ஒண்ணும் சொல்லலை. ஆனா பி.எட். விண்ணப்பத்தைப் பத்தின பேச்சும் அதுக்கப்புறம் எடுக்கலை.

என் அபிப்பிராயம் கேட்டா, போகட்டும்னுதான் சொல்வேன். சம்பளத்துக்காக இல்லை, அந்தக் கணக்குல ஐ.டி. வேலை ஜெயிச்சுடும். முப்பது வயசு வரைக்கும் கையில காசு நிக்காதுன்னு தெரிஞ்சே போகணும். அதை அவகிட்டயே நேராச் சொல்லிட்டேன். "தெரியும் மாமா, உதவித்தொகை எவ்வளவுன்னு பார்த்துட்டேன், அதுல மிச்சம் பிடிச்சு அம்மாவுக்கு அனுப்பலாம்"னா. எம்.எஸ்சி. புராஜெக்டுக்கே காந்தமானித் தரவை வச்சு, அந்த மின்னாறு திரும்பி ஓடின நாளையெல்லாம் அமாவாசை, பௌர்ணமியோட ஒப்பிட்டுப் பார்க்கப் போறாளாம். பஞ்சாங்கம் இருக்கான்னு என்கிட்ட கேட்டா. பாம்புப் பஞ்சாங்கம் ரெண்டு வருஷத்துது குடுத்து அனுப்பியிருக்கேன்.

அத்தான் இப்ப ஒரு விஷயத்துலதான் பிடிவாதமா நிக்கிறார். பன்வேலுக்கெல்லாம் போக வேணாம், கிருஷ்ணாபுரத்துலயே இடம் கேக்கச் சொல்றார். தாம்பரம்-செங்கோட்டை ரயில் நம்ம ஊர்த் தண்டவாளத்துலதான் ஓடுது, திருநெல்வேலி வழியாத்தான் போகுது, ராத்திரி ஏறினா காலையில போய்ப் புள்ளையைப் பார்த்துட்டு வந்துடலாமாம்.